கரண்டு போன பிறகு எத்தனை மணி நேரம்?

குமரி மாவட்டத்தில் மருத்துவமனைக் கட்டடங்களை வரைகிற, கட்டுகிற, பராமரிக்கிற பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடையில் குடியிருக்கிறவன் நான். எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் வயர்மேனாகச் சேர்ந்து, எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். அண்மையில் புதிதாக எழும்பும் சில மருத்துவமனைக் கட்டடங்களைப் பார்க்க நேர்ந்தது. முகப்பு முழுக்கக் கண்ணாடி, தரைத்தளத்தின் பின்மூலையில் ஜெனரேட்டர், மாடியில் வரிசையாக ஏ.சி. யூனிட்டுகள். பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்களிடம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். கரண்டு போய், ரோடும் அடைபட்டு, வெளியிலிருந்து ஒரு சொட்டு டீசல்கூட வராத நிலையில் இந்தக் கட்டடம் எத்தனை மணி நேரம் தாங்கும்? அந்த எண்ணை வரைபடத்தின் முதல் தாளில் எழுதுங்கள். அப்புறம் மற்றதை வரையுங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கி புயல் எங்கள் கரையைத் தாண்டிப் போன நாள். முந்தின ராத்திரியே மழை பிடித்துவிட்டது. விடிந்ததும் காற்று. எங்கள் ஊரில் மரம் இல்லாத இடம் கிடையாது. ரப்பர், தென்னை, பலா, அயினி என்று எல்லாம் லைன் மேல் சாய்ந்தன. டயாலிசிஸில் செவ்வாய், வியாழன், சனி வருகிற கூட்டம் அன்றைக்கு. காலை ஷிஃப்டில் ஐந்து பேர் மெஷினில் இருந்தார்கள். அதில் ஒருவர் என் அத்தான், அக்காளின் கணவர்.

கரண்டு போனது. ஜெனரேட்டர் செட் தானாக ஸ்டார்ட் ஆனது. ஒரு நிமிஷம்கூட ஓடியிருக்காது, டிரிப் ஆகி நின்றுவிட்டது. நான் ஓடிப் போய் ரீசெட் பண்ணினேன். மறுபடியும் டிரிப். காரணம் எனக்குத் தெரியும், ரொம்ப வருஷமாகவே தெரியும். அந்தக் கட்டடத்தில் எல்லா லோடும் ஒரே பேனலில்தான் இருந்தது. ஐ.சி.யு. வென்டிலேட்டரும் ஆபீஸ் ஏ.சி.யும், ரத்தம் வைக்கிற ஃபிரிட்ஜும் மாடி வார்டு கீசரும் ஒரே பஸ்பாரிலிருந்து, அதாவது பேனலுக்குள் கரண்டைப் பகிர்கிற ஒரே உலோகப் பட்டையிலிருந்து, பிரிந்தவை. கரண்டு திரும்ப வரும்போது அத்தனை கம்ப்ரசரும் ஒன்றாக இழுக்கும். செட் தாங்காது. நானும் இரண்டு ஹெல்பர்களும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஓடி, பிரேக்கர்கள் இருக்கிற டி.பி. பாக்ஸைத் திறந்து ஏ.சி. பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். எந்த பிரேக்கர் எதற்கு என்று எழுதி ஒட்டியிருந்த தாள் பாதி டி.பி.யில் இல்லை.

இந்த இடைவெளியில் டயாலிசிஸ் அறையில் நடந்ததைப் பிறகுதான் கேட்டேன். மெஷின்களில் இரண்டு பழையவை, பேட்டரி செத்துப் போனவை. டயாலிசிஸில் ஒருவருடைய ரத்தம் கால் லிட்டருக்குக் கிட்டே எப்போதும் டியூபிலும் ஃபில்டரிலும் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். பம்ப் நின்றால் அது உறைய ஆரம்பிக்கும். உறைந்துவிட்டால் திருப்பி உடம்புக்குள் விட முடியாது. அதற்காகத்தான் பம்பில் ஒரு கைப்பிடி வைத்திருப்பார்கள், கையால் சுற்ற. நர்ஸ் அம்மா ஒருவர் கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டுகிற திசையில் சுற்றினார். கரண்டு இல்லாதபோது காற்றுக் குமிழைக் கண்டுபிடிக்கிற அலாரமும் வேலை செய்யாது. அதனால் ஒரு கை கைப்பிடியில், ஒரு கை மொபைல் வெளிச்சத்தில், கண் முழுக்கத் திரும்பிப் போகிற ரத்தம் நிற்கிற அந்தச் சின்னக் குழாயில். அதில் ஒரு குமிழ் தாண்டினால் போதும். பக்கத்து மெஷினில் இன்னொரு நர்ஸ். அத்தான் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தாராம்.

மூன்றாவது முறை செட் டிரிப் ஆகாமல் ஓடியது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இன்றைக்கும் அந்த நர்ஸ் அம்மாவை மார்க்கெட்டில் பார்த்தால், நான் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் அவர் கையில் அந்தக் கைப்பிடி வந்திருக்காதே என்றுதான் தோன்றும்.

அதற்கு அடுத்த மூன்று நாள் டீசல் பாடு. ரோடு முழுக்க மரம். டேங்கர் வர வழியில்லை. பெட்ரோல் பங்குகளிலும் கரண்டு இல்லை. பையன்கள் பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு பாறசாலை வரை போய் வாங்கி வந்தார்கள். வழக்கமாக எங்கள் ஆட்கள் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுவோம். அன்றைக்கு ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமும் போக முடியவில்லை, நாகர்கோவில் பக்கமும் போக முடியவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரியக்காரர்கள் வந்து கம்பம் நட்டு, கம்பி இழுத்துத் தந்தார்கள். ஊர் ஊராகக் கரண்டு வந்து சேர நாட்கள் ஆயின.

அந்த மூன்று நாளில்தான் எனக்கு ஒரு விஷயம் புத்திக்கு உறைத்தது. கரண்டை மிச்சம் பிடிப்பது பில்லைக் குறைக்க என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆடிட் வருகிறவர்களும் அப்படித்தான் பேசுவார்கள்: எத்தனை ரூபாய் மிச்சம், எத்தனை வருஷத்தில் போட்ட பணம் திரும்பும். செட்டின் பக்கத்தில் டீசல் டேங்கின் அளவுக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கணக்கு வேறு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 யூனிட் கிடைக்கும் என்று வையுங்கள். 990 லிட்டர் டேங்க் நிறைய இருந்தால் சுமார் 3,000 யூனிட். கட்டடம் 60 கிலோவாட் இழுத்தால் 50 மணி நேரம், அதாவது இரண்டு நாள். அதே கட்டடத்தை 35 கிலோவாட்டில் ஓட்ட முடிந்தால் மூன்றரை நாள். ரோட்டில் விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த ஆகிற நேரம் அந்த ஒன்றரை நாளுக்குள்தான் இருக்கிறது. சிக்கனமும் பேரிடர்த் தயாரிப்பும் உங்கள் அலுவலகத்தில் இரண்டு ஃபைலாக இருக்கலாம். கட்டடத்துக்கு அது ஒரே வேலை.

சரி, என்ன செய்யலாம்? எனக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வயரிங். உயிர் காக்கிற லோடு தனி, மற்றது தனி என்று இரண்டு பேனல், இரண்டு கேபிள், முடிந்தால் இரண்டு நிற ஸ்விட்ச். ஐ.சி.யு., ஆபரேஷன் தியேட்டர், பிரசவ அறை, டயாலிசிஸ், ரத்த சேமிப்பு, தடுப்பூசி, ஆக்சிஜன், தண்ணீர் மோட்டார், ஒரு லிஃப்ட், படிக்கட்டு வெளிச்சம். இவை செட்டில் தானாக வரவேண்டும். மற்றவை ஆள் போய்ப் போட்டால்தான் வரவேண்டும். கட்டும்போது செய்தால் செலவு அதிகமில்லை. கட்டி முடித்து, டைல்ஸ் ஒட்டி, ஃபால்ஸ் சீலிங் போட்ட பிறகு செய்யச் சொன்னால் யாரும் தொட மாட்டார்கள். நான் எத்தனையோ முறை எழுதிக் கொடுத்தும் அது நடக்காமல் போனதற்கு அந்த ஃபால்ஸ் சீலிங்தான் காரணம்.

செட் விஷயத்திலும் ஒன்று. பெரிய செட் ஒன்று வாங்குவதைவிடச் சின்னது இரண்டு வாங்குங்கள். 125 கே.வி.ஏ. செட் ஒன்றை ராத்திரி கால் லோடில் ஓட்டினால் டீசல் சரியாக எரியாது, உள்ளே கரி படியும், யூனிட்டுக்கு ஆகிற டீசலும் கூடும். 62.5 கே.வி.ஏ. இரண்டு இருந்தால் ராத்திரி ஒன்று போதும். ஒன்று படுத்தாலும் இன்னொன்று இருக்கும். டெண்டரில் முதல் விலை கொஞ்சம் கூடத் தெரியும். அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

அதை எங்கே வைக்கிறீர்கள் என்பது இன்னும் முக்கியம். எங்கள் பக்கம் மேட்டு நிலம் கிடைப்பதில்லை, ஏலாவை நிரப்பித்தான் பெரிய கட்டடம் எல்லாம் வருகிறது. நெல் விளைந்த பள்ளம் அது; மண் போட்டு மூடினாலும் தண்ணீர் தன் வழியை மறக்காது. 2021 நவம்பர் மழையில் ஏலாக்கள் எப்படிக் கிடந்தன என்று எல்லாரும் பார்த்தோம். 2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்று வெள்ளம் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குள் புகுந்து, ஜெனரேட்டர் மூழ்கியது நாடறிந்த செய்தி. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் ஆற்றங்கரை மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, நம் வீட்டிலிருந்து அது எத்தனை தூரம்? செட், மெயின் பேனல், யு.பி.எஸ். மூன்றையும் தரைத்தளத்துக்கு மேலே ஏற்றுங்கள். தரைக்குக் கீழே இருக்கிற தளத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அதிர்வு, சத்தம், டீசல் ஏற்றுவது எல்லாம் தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். தண்ணீரில் மூழ்கிய பேனலைத் துடைத்துக் காயவைத்து மறுபடி கரண்டு கொடுத்தவனுக்குத்தான் தெரியும், எந்தத் தொல்லை பெரிது என்று.

சோலார் பற்றி ஒரு வார்த்தை. மாடியில் பேனல் போட்டுவிட்டால் புயல் நாளில் கரண்டு கிடைக்கும் என்று டாக்டர்கள் பலர் நம்புகிறார்கள். வழக்கமாகப் போடுகிற ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்டு போன உடனே தானும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அது சரியும்கூட. ஆகவே வெயில் கொளுத்தினாலும் உள்ளே இருட்டுதான். பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட்டு, உயிர் காக்கிற பேனலின் ஒரு பகுதியை அதில் கோர்த்தால் பகல் முழுக்க டீசல் மிஞ்சும். கொச்சி விமான நிலையம் 2015-லேயே முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறிவிட்டது. ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யு.வுக்கு அந்தப் பரப்பில் ஒரு மூலைகூட வேண்டாம். ஆனால் பேனலைக் காற்றுக்குத் தாங்குகிறபடி போல்ட் அடித்து இறுக்குங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்று உங்கள் மாடிக்கும் வரும்.

இப்போது லோடைக் குறைப்பது. எல்.இ.டி. பல்பு எல்லாரும் போட்டுவிட்டார்கள், அதை விடுவோம். பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம். வார்டில் எத்தனை ஃபேன் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய தீனி தின்பது ஏ.சி.தான், அதிலும் ஆபரேஷன் தியேட்டர் ஏ.சி. தியேட்டருக்குள் காற்று மணிக்கு இருபது முறையாவது மாறவேண்டும், வெளிக்காற்று உள்ளே வராதபடி அழுத்தம் நிற்கவேண்டும், பூஞ்சை பிடிக்காதபடி ஈரம் கட்டுக்குள் இருக்கவேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இது கஷ்டமான வேலை. அதனால் பயந்துகொண்டு ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் ஆளில்லாத தியேட்டரில் ஃபுல் ஸ்பீடில் ஓடவிடுகிறோம். நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தக் கூடாது. தியேட்டருக்குள் காற்றைத் தள்ளுகிற ஏ.ஹெச்.யு. மோட்டாருக்கு வி.எஃப்.டி. என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போட்டு வேகத்தைக் குறையுங்கள். வேகத்தை 80 சதவீதம் ஆக்கினால் மோட்டார் இழுக்கிற கரண்டு ஏறக்குறைய பாதியாகிவிடும். அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். சர்ஜனும் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸும் பக்கத்தில் இருக்கிறபோது செட் பண்ணுங்கள். அவர்களுக்கு நம்பிக்கை வராவிட்டால் மறுநாளே யாராவது பழையபடி திருப்பிவிடுவார்கள்.

அப்புறம் சுவரும் கூரையும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. மேற்குப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்து, சாயங்கால வெயிலை உள்ளே அழைத்து, அதை வெளியேற்ற ஏ.சி. வைக்கிறோம். தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் ஒரு மத்தியானம் நில்லுங்கள். எல்லையின் இந்தப் பக்கம் இருந்தாலும் கேரள அரசுதான் அதைப் பராமரிக்கிறது. சாய்வான ஓட்டுக் கூரை, தாழ்ந்த இறவாரம், மரச் சட்டங்களுக்கு நடுவே காற்று வரும், வெயில் வராது, மழைச் சாரலும் வராது. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சுவர் கட்டினார். அந்த நகரத்தில் உள்ளூர் என்கிற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போனால் இன்றைக்கும் பார்க்கலாம். தியேட்டரையும் ஐ.சி.யு.வையும் அப்படிக் கட்ட முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் மருத்துவமனை என்றால் அது மட்டும்தானா? ஓ.பி. காத்திருப்புக் கூடம், பொது வார்டு, வராந்தா, கேன்டீன், ஆபீஸ், மருந்து வாங்க நிற்கிற இடம். இவற்றுக்கு நிழலும் எதிரெதிர் ஜன்னலும் ஃபேனும் போதும். ஜன்னல் திறக்கிற ஜன்னலாக இருக்கட்டும். ஒக்கிக்கு அடுத்த நாள் ஏ.சி. இல்லாத பழைய வார்டில் நோயாளிகள் மூச்சுவிட்டுப் படுத்திருந்தார்கள். ஜன்னல் திறக்காத புதிய தனி அறைகளில் இருந்தவர்களைத்தான் வெளியே கொண்டுவந்து வராந்தாவில் கிடத்தினோம்.

எங்கள் ஊரில் கான்கிரீட் மாடி ஒழுகாமல் இருக்க மேலே ஷீட் கூரை போடுவது வழக்கம். அது நல்லதுதான், மழையும் தடுக்கும், மாடிக்கு நிழலும் தரும், மேல் மாடி வார்டு நன்றாகவே குளிரும். ஆனால் வெறும் கொக்கியில் மாட்டினால் புயலில் பறந்துபோய் யார் தலையிலாவது விழும். போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

தடுப்பூசி ஃபிரிட்ஜ் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்திருப்பீர்கள், மேலே மூடி திறக்கிற ஐ.எல்.ஆர். என்கிற பெட்டி. அதன் உள்சுவரைச் சுற்றி ஐஸ் கட்டி நிற்கும். மூடியைத் திறக்காமல் விட்டால் கரண்டு போன பிறகும் பல மணி நேரம் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் கரண்டு கிடைத்தாலே சமாளித்துவிடும். யோசித்துச் செய்த பெட்டி அது. கட்டடத்தையும் அந்தப் பெட்டி மாதிரி யோசியுங்கள் என்று என் ஹெல்பர்களிடம் சொல்வேன். இப்போது பேட்டரியே இல்லாமல் சோலாரில் நேராக ஓடுகிறதும் வந்துவிட்டது. அது மலையோர நிலையங்களுக்கு நல்லது.

ஆக்சிஜனும் அப்படியே. 2021-க்குப் பிறகு பல இடங்களில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கிற பி.எஸ்.ஏ. பிளாண்ட் வந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அதன் கம்ப்ரசர் நிறையக் கரண்டு தின்னும். செட்டில் அதற்கு இடம் ஒதுக்கினீர்களா என்று பாருங்கள். திரவ ஆக்சிஜன் டேங்க்கும் சிலிண்டர் வரிசையும் கரண்டு இல்லாமலே ஓடும். ஒன்றை வாங்கியதால் மற்றதை எடுத்துவிடாதீர்கள்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் மருத்துவமனைப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. 2017-இல் வந்த எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பில் மருத்துவமனை தனி வகையாகவே இருக்கிறது. இரண்டும் உங்கள் மேசையில் இருக்கும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே வரைபடத்தின் மேல் விரித்து வைத்துப் படியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

படிக்கும்போது அந்த மருத்துவமனையில் ராத்திரி டியூட்டி பார்க்கிற வயர்மேனையும் டயாலிசிஸ் நர்ஸையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, கேபிளைக் கவ்வி ஆம்பியர் காட்டுகிற டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு, பேனலிலிருந்து பிரிகிற ஒவ்வொரு ஃபீடர் கேபிளாகப் போய் எத்தனை ஆம்பியர் என்று எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் தூங்குகிற நேரத்தில் கட்டடம் எதற்காக இத்தனை இழுக்கிறது என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும். பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை, ஒரு தடவை இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்னும் ஒரு தடவை ஐப்பசி மழைக்கு முன்னும், மெயினை நிஜமாகவே இறக்கிப் பாருங்கள். லோடு இல்லாமல் செட்டை ஐந்து நிமிஷம் ஓட்டி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது பரிசோதனை ஆகாது. நானும் பல வருஷம் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். அதனால்தான் ஒக்கி அன்றைக்கு மூன்று முறை ஓட வேண்டி வந்தது.

அத்தான் அதற்குப் பிறகும் நான்கு வருஷம் டயாலிசிஸுக்குப் போய் வந்தார். மழை இருட்டினால் மட்டும் என்னைக் கூப்பிட்டு, "எலேய், செட்டைப் பாத்தியா?" என்று கேட்பார். பார்த்தேன் அத்தான் என்று சொல்லிவிட்டு, உடனே போய்ப் பார்ப்பேன்.

நீங்கள் எந்தக் கட்டடத்துக்காவது என்னைக் கூப்பிட்டால் டாங் டெஸ்டரோடு வருகிறேன். சம்பளம் வேண்டாம். ஃபால்ஸ் சீலிங் போடும் முன்னால் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் ஒருவன்,
விளவங்கோடு வட்டம்